கூடைக்குப் போகாததுதான் விதைக்குப் போனது: ஒரு சிறு பண்ணையின் ஐந்து ஆண்டுகள்

பின்னணி

ஒன்றரை ஏக்கர் நிலம். அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். பாதிக்கு மேல் காய்கறி: தக்காளி, மிளகாய், குடைமிளகாய், வெள்ளரி, சுக்கினி, கொஞ்சம் பீன்ஸ். மீதி இடத்தில் பூ: செண்டுமல்லி, ஜினியா, கோழிக்கொண்டை, அப்புறம் கொத்துகளில் வைத்துக் கட்டுவதற்காகச் சின்னச் சின்ன அலங்காரக் குடுக்கைகள். வாரச் சந்தையில் கடை போடுகிறார்கள், சில வீடுகளுக்கு வாரப் பெட்டி அனுப்புகிறார்கள், மேடை அலங்காரம் செய்கிறவர்கள் சிலர் பூவை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். இடைத்தரகர் யாரும் இல்லை. விதையில் தொடங்கி விற்பது வரை எல்லாம் இவர்கள் கைதான்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விதை, நாற்று, பாத்தி, தண்ணீர் எல்லாம் தம்பி. பறிப்பது, தரம் பிரிப்பது, விற்பது, கணக்கு எல்லாம் அக்கா. ரொம்ப நியாயமான பிரிவினைதான், யாரும் இப்படித்தான் பிரிப்பார்கள். ஆனால் இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சொந்த விதை என்பதில் இருவருக்கும் பிடிவாதம் உண்டு. ஆரம்பத்தில் செலவைக் குறைக்கத்தான் எடுத்தார்கள். போகப்போக அது கடையின் அடையாளமாகவே ஆகிவிட்டது, “எங்கள் தோட்டத்து விதையிலிருந்தே வளர்த்தது” என்று பலகை எழுதி வைக்கிற அளவுக்கு. முதல் ஆண்டு விதையில் கொஞ்சம் வாங்கியது, பெரும்பகுதி மற்ற விவசாயிகளிடமிருந்து கைமாறி வந்தது. கைமாறி வந்ததில் ஒரு விஷயம்: பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒரே ரகமாக இருக்காது. இவர்களுடைய தக்காளியும் அப்படித்தான், பார்க்க ஒரே மாதிரி, ஆனால் செடிக்குச் செடி காய்க்கும் காலத்திலும் பழத்தின் அளவிலும் வித்தியாசம் இருந்தது. முதல் ஆண்டு தம்பியின் நோட்டில் இது எழுதப்பட்டிருக்கிறது. யாரும் அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

சிறு பண்ணைகளின் வரவு செலவை அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம், அப்படித்தான் இவர்களைத் தெரியும். இருவரின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

கண்ணில் பட்டவை

முதல் இரண்டு ஆண்டும் பெரிய குறை ஒன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டு தக்காளி தாமதமானது. சந்தையில் மற்றவர்கள் கூடை கூடையாக வைத்திருக்கும்போது இவர்கள் கடையில் தக்காளி இல்லை. வானிலை என்று விட்டுவிட்டார்கள். நான்காம் ஆண்டு இன்னும் தாமதம், பழமும் சிறுத்தது. பருவத்தின் முதல் தக்காளிக்கு இருக்கிற மவுசு எந்தச் சந்தையிலும் பின்னால் வரும் தக்காளிக்கு இருக்காது, அதனால் கணக்கில் அடி பலமாகவே விழுந்தது. என்னைக் கூப்பிட்டதே அந்தக் கணக்குக்காகத்தான்.

செண்டுமல்லி வேறு மாதிரி. வாங்கியபோது அடுக்கு அடுக்காக, பந்து மாதிரி பூக்கிற ரகம். இரண்டாம் ஆண்டு அங்கங்கே ஒற்றை அடுக்குப் பூ தென்பட்டது. அழகாகத்தானே இருக்கிறது என்று விட்டார்கள். நான்காம் ஆண்டு பாத்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஒற்றை அடுக்கு. கொத்தில் வைத்தால் அது எடுபடாது, அலங்காரக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

குழித்தட்டுகளிலும் சீர் இல்லை. ஒரே நாளில் போட்ட விதையில் சில நாற்று நான்கு இலை விட்டிருக்கும், பக்கத்துக் குழியில் அப்போதுதான் தலை தூக்கும். நாற்று சீராக இல்லையென்றால் நடவு சீராக இருக்காது, நடவு சீராக இல்லையென்றால் பறிப்பும் இழுத்துக்கொண்டே போகும். இதைத் தனிப் பிரச்சினையாகவே யாரும் பார்க்கவில்லை, தட்டில் ஊற்றுகிற தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள்.

இதெல்லாம் நஷ்டம், அவ்வளவுதான். நான்காம் ஆண்டின் நடுவில் நடந்தது அந்த ரகம் இல்லை. பெட்டி வாங்குகிற ஒரு வீட்டிலிருந்து போன்: சுக்கினி வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசக்கிறது. அக்கா கடையில் மீதியிருந்ததில் ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவுக்கு நறுக்கி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பலதும் நன்றாக இருந்தன, சிலது கசந்தன, அதுவும் சாதாரணக் கசப்பு இல்லை.

அவர் செய்தது இதுதான். அன்றைய சுக்கினி முழுவதையும் கடையிலிருந்து எடுத்தார். பெட்டி போன எல்லா வீடுகளுக்கும் தானே போன் செய்து, அந்த வாரத்துச் சுக்கினியைச் சாப்பிட வேண்டாம், சமைத்திருந்தாலும் கொட்டிவிடுங்கள் என்று சொன்னார். கசப்பது சிலதுதான், எல்லோரையும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று தம்பி கேட்டார். எந்தச் செடியின் காய் எந்தப் பெட்டிக்குப் போனது என்று உன்னால் சொல்ல முடியுமா என்று அக்கா திருப்பிக் கேட்டார். முடியாது. அதோடு பேச்சு முடிந்தது.

இந்த முடிவு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூசணிக் குடும்பத்தில் அந்தக் கசப்பைத் தருவது குக்குர்பிடாசின் என்கிற பொருள். அளவு கூடினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், சமைத்தாலும் அது போகாது. கசக்கிறது என்றால் சாப்பிடக்கூடாது, அவ்வளவுதான்.

முதலில் சந்தேகப்பட்டவை

தம்பிக்குச் சந்தேகம் மண் மேல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தக்காளி, சத்து போய்விட்டது என்றார். மூன்றாம் ஆண்டு முடிவில் மக்கு உரம் கூடுதலாகப் போட்டுப் பாத்தியையும் மாற்றினார்கள். செடி தழைத்தது, ஆனால் பழம் முன்பைவிடத் தாமதமானதே தவிர முந்தவில்லை. அக்காவுக்குச் சந்தேகம் நாற்றங்கால் மேல், அதாவது நாசூக்காகத் தம்பி மேல். விதை மேல் இருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வராதது இயல்புதான், அதுதானே அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பொருள்.

வழி திறந்தது தம்பியின் ஒரு நல்ல பழக்கத்தால். ஒவ்வொரு ஆண்டும் விதைத்தது போக மிஞ்சிய விதையைக் காகித உறையில் போட்டு, ஆண்டு எழுதி, இறுக்கி மூடிய கண்ணாடி ஜாடியில் குளிர்ந்த அறையில் வைத்திருந்தார். முதல் ஆண்டுத் தக்காளி விதை அதில் இருந்தது. தக்காளி விதை நன்றாகக் காய்ந்திருந்தால் நான்கைந்து ஆண்டு தாங்கும். அப்படியானால் பழைய விதையையும் இப்போதைய விதையையும் ஒரே நாளில், ஒரே கலவையில் போட்டு, ஒரே பாத்தியில் வரிசை மாற்றி வரிசை நட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. மண்ணும் தண்ணீரும் வெயிலும் இரண்டுக்கும் பொது. வித்தியாசம் வந்தால் அது விதையில்தான் இருக்க வேண்டும்.

பழைய விதை முளைத்தது குறைவு, நூறுக்கு அறுபது சொச்சம். முளைக்கவும் கூடுதல் நாள் எடுத்தது. புது விதை எண்பதைத் தாண்டியது. அந்தக் கட்டத்தில் தம்பிக்கு ஒரு சின்ன வெற்றிப் பெருமிதம். ஆனால் பின்தங்கி முளைத்த அந்தப் பழைய வரிசைகள்தான் முதலில் பூத்தன, முதலில் பழுத்தன, பழமும் பெரிது. மெதுவாகத் தொடங்கியும் முந்துகிறது என்றால், அது விதையின் வயதாலோ வீரியத்தாலோ வந்த வித்தியாசம் இல்லை. ரகமே மாறியிருக்கிறது.

உண்மையில் நடந்துகொண்டிருந்தது

மாற்றியது யார்? விற்பனைக் கூடை.

பருவம் தொடங்கியதும் முதலில் பழுக்கிற பழம் எல்லாம் கடைக்குப் போகிறது. பெரியது, நிறம் ஏறியது, வெடிக்காதது எல்லாம் அக்காவின் கை வழியாகக் கூடைக்கு. முன்கூட்டிக் காய்த்த செடிகள் சீக்கிரம் ஓய்ந்தும் போகின்றன. கடைசியில், பறிப்பு முடிந்து வேலை குறைந்த பிறகு, தம்பி விதை எடுக்கப் போகிறார். அப்போது பழத்தோடு நிற்பது எவை? தாமதமாகக் காய்க்கிற செடிகள். அதில் மிஞ்சியிருப்பதும் கடையில் போகாத சிறிய பழம். அதிலிருந்து விதை. அடுத்த ஆண்டும் இதே. தாமதமும் சிறுமையும் ஆண்டுக்கு ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை, இருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்கிற ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடைசிப் பழத்திலிருந்து எடுத்ததால் விதை கெட்டது என்று நினைக்கக்கூடாது. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது. ஒரு செடியின் முதல் பழமும் கடைசிப் பழமும், பெரிய பழமும் சிறிய பழமும், ஒரே தாயின் குணத்தைத்தான் சுமக்கின்றன. சோதா செடியில் தப்பித்தவறிப் பெரிதாக வந்த ஒரு பழத்தைப் பத்திரப்படுத்தி விதை எடுப்பதில் லாபம் ஒன்றும் இல்லை, நல்ல செடியின் சின்னப் பழம் அதைவிட மேல். கடைசியில் எடுப்பதன் கோளாறு பழத்தில் இல்லை, அப்போது எந்தச் செடி மிஞ்சியிருக்கிறது என்பதில் இருக்கிறது. (நோய் பிடித்து வாடிய செடியின் விதை சரியாக முதிராமல் முளைப்பில் சோடை போகும் என்பது உண்மை. குழித்தட்டில் சீர் குலைந்ததற்கு அது ஒரு காரணம். அது வேறு கணக்கு.) ரகம் முழுக்கத் தூய்மையாக, எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருந்திருந்தால் எந்தச் செடியில் எடுத்திருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் மாறியிருக்காது. இவர்களுடையது கலவையாக வந்த விதை, அதனால் கூடை சுலபமாக வேலையைக் காட்டிவிட்டது.

செண்டுமல்லியில் இதே கதை இரட்டை வேகத்தில். அடுக்குப் பூ எல்லாம் காம்போடு வெட்டுப்பட்டுக் கொத்துக்குப் போய்விடும். ஒற்றை அடுக்கை யாரும் வெட்டுவதில்லை, அது செடியிலேயே விரிந்து, தேனீ வந்து, விதை நிறையப் பிடித்து, காய்ந்து நிற்கும். பூவின் நடுவில் இருக்கிற சின்னக் குழல் பூக்களில்தான் மகரந்தம் இருக்கிறது. முழு அடுக்குப் பூவில் அந்தக் குழல் பூக்கள் குறைவு, ஒற்றை அடுக்கில் நடுவெல்லாம் அதுதான். ஆக, தப்பித்தவறி வெட்டாமல் விட்ட அடுக்குப் பூவின் விதைக்கும் தகப்பன் பெரும்பாலும் ஒற்றை அடுக்குதான். தாய் வழியிலும் நட்டம், தகப்பன் வழியிலும் நட்டம்.

ஆனால் ஜினியா சரிந்துவிடவில்லை, இது எனக்கே சுவாரஸ்யமாக இருந்தது. அதிலும் கடைசியில் மிஞ்சிய செடியில்தான் விதை எடுத்தார்கள். ஜினியாவுக்குப் பருவக் கடைசியில் சாம்பல் நோய் வரும், இலையெல்லாம் மாவு பூசினாற்போல வெளுக்கும். அந்தக் கட்டத்திலும் உயிர்ப்போடு நின்ற செடியில் விதை எடுத்தது, நோய் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுத்ததாகவும் ஆகியிருக்கலாம். பூவின் அளவு கொஞ்சம் குறைந்ததுதான், ஆனால் செடி நின்றது. மிச்சத்திலிருந்து எடுப்பது எப்போதும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. அந்த மிச்சம் எதனால் மிஞ்சியது என்று பார்க்க வேண்டும்.

மிளகாயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிளகாய் தானே சேர்க்கை செய்துகொள்ளும், ஆனால் பூச்சிகள் வந்தால் அயல் சேர்க்கையும் கணிசமாக நடக்கும். காரமிளகாய்க்குப் பக்கத்துப் பாத்தியில் குடைமிளகாய் வைத்து விதை எடுத்தார்கள், அடுத்த ஆண்டு சில குடைமிளகாய் காரமாக இருந்தது. கடையில் அது வேடிக்கையாகப் போய்விட்டது.

சுக்கினியில் வேடிக்கைக்கு இடமில்லை. பூங்கொத்துக்காக வளர்த்த அலங்காரக் குடுக்கையும் சுக்கினியும் பெயர் வேறு, உருவம் வேறு, ஆனால் தாவர இனம் ஒன்று: குக்குர்பிட்டா பெப்போ. தேனீக்கு இரண்டும் ஒரே பூதான். அலங்காரக் குடுக்கையைச் சாப்பிட யாரும் வளர்ப்பதில்லை, அதனால் அதில் கசப்பு இருந்தாலும் கழித்துக்கட்டப்படுவதில்லை. மூன்றாம் ஆண்டு இரண்டும் கலந்திருக்கின்றன. அந்த ஆண்டுக் காயில் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் காயின் சதை தாய்ச் செடியின் பகுதி. கலப்பு நடந்தது விதைக்குள் மட்டும்தான் இருக்கும். அந்த விதையை நட்டு, அது வளர்ந்து காய்க்கும்போதுதான் வெளியே வரும். பூ வியாபாரத்துக்காக எடுத்த ஒரு சின்ன முடிவு, ஒரு வருஷம் ஒளிந்திருந்து, காய்கறிப் பெட்டியில் வந்து விழுந்தது.

எடுத்த முடிவுகள்

சுக்கினி விதை எடுப்பதை முழுக்க நிறுத்தினார்கள். கையால் மகரந்தம் சேர்ப்பது ஒரு வழிதான்: மறுநாள் விரியப்போகிற பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவிட்டு, காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் அடையாளம் போட வேண்டும். தம்பி இதற்குத் தயாராக இருந்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பூ வெட்டுவதும் காய் பறிப்பதும் அதே காலை நேரத்தில்தான், அவசரத்தில் ஒரு நாள் ஒரு கட்டு அவிழ்ந்தால் அடுத்த ஆண்டு யாரோ ஒருவர் வீட்டில் வாந்தி. தக்காளி தாமதமானால் பணம் போகும், இது அப்படி இல்லை என்றார். விலைக்கு விதை வாங்குவது என்று ஆனது. பலகையில் இருந்த வாசகத்தில் “சுக்கினி தவிர” என்று சேர்த்தார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அலங்காரக் குடுக்கையை மட்டும் விட்டுவிடவில்லை. வாங்கிய விதையில் வந்த சுக்கினியோடு அது கலந்தாலும் அந்த ஆண்டுக் காய்க்கு ஒன்றும் ஆகாது, விதை எடுத்தால்தான் ஆபத்து. அந்த ஆபத்து இன்னொரு வழியிலும் வரலாம்: மக்குக் குழியிலிருந்து தானாக முளைக்கிற கொடி. பூசணி இலை மாதிரி எது தானாக முளைத்தாலும், எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், பிடுங்கிப் போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். இது போக ஒவ்வொரு சுக்கினிச் செடியின் முதல் காயிலும் ஒரு சின்னத் துண்டு பச்சையாகச் சுவைத்துத் துப்பிப் பார்ப்பது.

தக்காளியில் பழைய ஜாடி விதைக்கே திரும்பினார்கள். கெட்ட விதையிலிருந்து நல்லதைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து மேலே வருவதற்குப் பல ஆண்டு ஆகும், நல்ல தாய் விதை கையில் இருக்கும்போது அது வீண் வேலை. இனிமேல் விதைச் செடிகளைப் பறிப்பு தொடங்கும் முன்பே அடையாளம் கட்டிவிட வேண்டும்: முதலில் பூத்தவை, நோயில்லாதவை, காய் சீராகப் பிடித்தவை. மொசைக் மாதிரி இலை நெளிந்து திட்டுத் திட்டாக இருக்கிற செடி எவ்வளவு காய்த்தாலும் வேண்டாம், சில வைரஸ்கள் விதையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இதில்தான் பெரிய சண்டை வந்தது. முதல் பழத்தை விதைக்கு விட்டால் கடையில் என்ன வைப்பது? அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது, மொத்தச் சிக்கலும் அந்த முதல் பழத்தில்தானே. தீர்வு மேலே சொன்ன விஷயத்திலேயே இருந்தது. ஒரு செடியின் எல்லாப் பழத்திலும் ஒரே குணம் என்றால் முதல் கொத்தைப் பத்திரப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. செடியைத்தான் அடையாளம் வைக்க வேண்டும். முதல் கொத்து கூடைக்கு, இரண்டாவது கொத்து விதைக்கு. இதைத் தம்பி கண்டுபிடித்துச் சொன்னபோது, “இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதாடா?” என்றார் அக்கா.

செண்டுமல்லியில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே தகப்பன் வெளியிலிருந்து வருகிறது. விதைக்கென்று தோட்டத்தின் மறு ஓரத்தில் ஒரு சின்னப் பாத்தி ஒதுக்கி, மொட்டு விரியத் தொடங்கும்போதே தினமும் பார்த்து, ஒற்றை அடுக்குச் செடியை முழுதாகப் பிடுங்குவது, விற்பனைப் பாத்தியிலும் அப்படியே. விதைப் பாத்தியில் வருகிற நல்ல பூவை வெட்டக்கூடாது. குடைமிளகாயில் சில செடிகளுக்கு மட்டும் பூக்கும் முன்பே வலைக்கூண்டு.

விதையைக் காயவைப்பதிலும் மாற்றம். தக்காளி விதையை அதன் கூழோடு இரண்டு மூன்று நாள் நொதிக்க விட்டுக் கழுவுவதைத் தம்பி ஏற்கெனவே சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார், ஆனால் அதன் பிறகு தகரத்தில் கொட்டி வெயிலில் வைப்பார். ஈர விதை சூட்டில் வெந்துபோகும். இப்போது நிழலில், காற்றோட்டத்தில், மெல்லிய வலை மேல். சேமிப்புக்கு ஹாரிங்டன் விதியைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிக்கும், சேமிக்கிற இடத்தின் வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அதேபோல. தோராயமான விதிதான், ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரைக்கும்தான் பொருந்தும், ஆனால் ஈர விதையை ஜாடியில் அடைக்கிற கையைத் தடுக்க இது போதும். விதைக்கும் முன் ஐம்பது விதையை ஈரத்தாளில் சுருட்டி வைத்து முளைப்பு பார்ப்பதும் இப்போது கட்டாயம்.

கடைசியாகக் கணக்கு. அதுவரை விதை என்பது கணக்கில் ஒரு வரி கூட இல்லை, இலவசமாகக் கிடைத்ததாகவே இருந்தது. விற்காமல் விட்ட பூ, ஒதுக்கிய பாத்தி, காயவைக்கிற நேரம் எல்லாவற்றையும் சேர்த்து விதையையும் ஒரு பயிராக எழுதச் சொன்னேன். எழுதியபோது பீன்ஸ் விதை எடுப்பது லாபம் என்றும் வெள்ளரி விதை எடுப்பது நட்டம் என்றும் தெரிந்தது. பீன்ஸ் பெரும்பாலும் தன் சேர்க்கை, தனியாக இடம் கேட்காது. வெள்ளரியோ விதைக்காகப் பழுத்து மஞ்சளாகும் வரை கொடியில் விட வேண்டும், அப்படி ஒரு காயை முற்றவிட்டாலே கொடி புதுப்பிஞ்சு விடுவதைக் குறைத்துவிடும்.

பின்னர் நடந்தது

ஐந்தாம் ஆண்டு தக்காளி பழைய காலத்துக்கே திரும்பியது, சந்தையில் முதல் ஆட்களில் ஒருவராக அக்காவும் உட்கார்ந்தார். விதை எடுப்பதில் மட்டும் ஒரு சறுக்கல். அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். பழுத்த தக்காளிக்கு நடுவில் சிவப்புத் துணி யார் கண்ணுக்குத் தெரியும்? பறிப்புக்கு வந்த உதவியாள் கொம்பு கட்டிய வரிசையின் மறு பக்கத்திலிருந்து வந்தார், துணி தெரியவில்லை, இரண்டாவது கொத்தும் பாதிக்கு மேல் கூடைக்குப் போனது. மிஞ்சியதில் எடுத்தார்கள், இந்த முறை குறைந்தபட்சம் சரியான செடியின் மிச்சம். இப்போது நீல நைலான் நாடா, செடியின் இரண்டு பக்கமும்.

செண்டுமல்லியில் ஒற்றை அடுக்கு குறைந்தது, ஒழியவில்லை. நான்கு ஆண்டில் சேர்ந்தது ஒரே ஆண்டில் கழியாது. அலங்காரக்காரர்களில் ஒருவர் போனவர் போனவர்தான். குடைமிளகாய்க் கூண்டுக்குள் தேனீ இல்லாமலே காய் பிடித்தது.

சுக்கினி விஷயத்தில் பெட்டி வாங்குகிறவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். பெரும்பாலோர் நின்றுவிடவில்லை. கசப்புச் சுக்கினி வராத வீடுகளுக்கும் அக்கா அன்றே போன் செய்ததைத்தான் அவர்கள் காரணமாகச் சொன்னார்களாம்.

மறுபடி செய்தால்

அக்காவிடம் இருந்த தகவல் தம்பியின் நோட்டுக்கு வந்ததே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. எந்தத் தக்காளி கூடையில் இரண்டாம் நாளே வெடிக்கிறது, எந்தப் பூ வாளித் தண்ணீரில் ஒரு வாரம் நிற்கிறது, எதை வாங்கியவர் மறுபடி அதையே கேட்கிறார் என்பதெல்லாம் தரம் பிரிக்கிற மேஜையில் தெரிகிற விஷயம். பாத்தியில் நின்று பார்த்தால் தெரியாது. விதைத் தேர்வு என்றால் அது விதைக்காரர் வேலை என்று இருவரும் நினைத்தார்கள். இப்போது பருவத் தொடக்கத்தில் அக்காதான் நாடாவோடு பாத்தியில் நடக்கிறார், தம்பி கூடவே போய் நோய்ச் செடிகளைக் கழிக்கிறார்.

இரண்டாவது, ஜாடி. முதல் ஆண்டு விதை மிஞ்சியது தற்செயல். வாங்கிய அல்லது நன்றாக வந்த ஒவ்வொரு விதையிலும் ஒரு பங்கைத் திட்டமிட்டே ஒதுக்கி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது புது விதையோடு பக்கத்தில் நட்டுப் பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்திருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே தெரிந்திருக்கும். செண்டுமல்லி விதை தக்காளி அளவுக்குத் தாங்காது, அதற்கு இடைவெளி இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, புதிதாக எதை நடுவதற்கு முன்பும் அது எந்த இனம் என்று பார்ப்பது. குடுக்கையை நட்ட அன்று அதைப் பார்த்திருந்தால் சுக்கினிக் கதையே நடந்திருக்காது.

ஜினியாவில் மட்டும் இன்னும் முடிவு எட்டவில்லை. வெட்ட வெட்டத் துளிர்க்கிற பூ அது, விதைக்கு விட்டால் அந்தச் செடி கிளைப்பதைக் குறைத்துக்கொள்ளும், அதனால் விதைக்கென்று செண்டுமல்லி மாதிரித் தனிப் பாத்தி வேண்டும் என்பது தம்பி கட்சி. சாம்பல் நோய் வரும் வரை வெட்டி விற்றுவிட்டு, அதன் பிறகும் தாங்கி நிற்கிற செடிகளில் பூ பெரிதாக இருப்பவற்றை மட்டும் விதைக்கு விட்டால் போதும் என்பது அக்கா கட்சி. இந்த ஆண்டு இரண்டு வழியிலும் விதை எடுத்துத் தனித்தனி உறையில் வைத்திருக்கிறார்கள், அடுத்த ஆண்டு வரிசை மாற்றி வரிசை நடப்போகிறார்கள்.